லினக்ஸ் பொதிகளைப் புதுப்பிப்பதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சில் பேக்கேஜ் என்று சொல்வதை, அதாவது நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டி வைத்த மென்பொருளை, இங்கே பொதி என்று எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல்களின் (டிஸ்ட்ரோக்களின்) பக்கத்திலிருந்து வரும். நான் அன்றாடம் புழங்குவதும் சில பொதிகளைப் பராமரிப்பதும் அங்கேதான். ஃபெடோரா, ஆர்ச் என்ற வேறு வழங்கல்கள் வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஆப்ட் என்பது டெபியனிலும் உபுண்டுவிலும் பொதிகளை நிறுவும் கருவி. அப்டேட் கொடுத்தால், வழங்கல் தன் பொதிகளை வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து பட்டியல் மட்டும் வரும். எந்தப் பொதி எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியல் அது. உங்கள் மென்பொருள் எதுவும் மாறாது. அப்கிரேட் அந்தப் பட்டியலையும் உங்கள் கணினியில் இருப்பதையும் ஒப்பிட்டு, புதியதை இறக்கி நிறுவும். ஆனால் இருக்கும் எந்தப் பொதியையும் நீக்காது. நீக்கினால்தான் வேலை நடக்கும் என்றால் அந்தப் பொதியை அப்படியே விட்டுவிடும். ஃபுல்-அப்கிரேட் நீக்கவும் செய்யும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

பொதிக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு டெப் கோப்பை, அதாவது டெபியன் பொதியை, பிரித்தால் மூன்று சமாச்சாரங்கள் கிடைக்கும். வடிவ எண்ணைச் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு, பொதியைப் பற்றிய விவரங்கள் அடங்கிய கட்டு, கணினியில் போய் உட்கார வேண்டிய கோப்புகள் அடங்கிய கட்டு. விவரக் கட்டில்தான் பதிப்பு எண், சார்ந்திருக்கும் மற்றப் பொதிகள், நிறுவும் முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் இருக்கின்றன.

அந்த ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு, ஓடுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கிருந்தோ இறக்கிய ஒரு டெப் கோப்பை நிறுவுவதும், முன்பின் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

மென்பொருளை எழுதியவர்கள் புதிய பதிப்பு வெளியிட்டு மாதக்கணக்காகிறது. என் கணினிக்கு ஏன் வரவில்லை?

நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் பராமரிப்பாளர். எழுதியவர் வெளியிட்டதை அவர் எடுத்து, வழங்கலின் ஒழுங்குக்குள் பொருத்தி, மூலநிரலைப் பொதியாகக் கட்டி, சோதித்து ஏற்றுகிறார். டெபியனில் அது முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளைக்குப் போகும். அங்கே பெரும்பாலும் 5 நாள் தங்கி, பெரிய வழு (பக்) எதுவும் பதிவாகாமல், தானியங்கிச் சோதனைகளிலும் தேறினால் டெஸ்டிங் கிளைக்கு நகரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஏறக்குறைய, டெஸ்டிங் உறைய வைக்கப்பட்டு ஸ்டேபிளாக வெளிவரும். டெபியன் 13-க்கு அந்த உறைவு 2025 மார்ச் 15 அன்று படிப்படியாகத் தொடங்கியது. ஆகஸ்ட் 9 அன்று வெளியீடு. ஏறக்குறைய 5 மாதம் புதிய வசதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வழுக்களைத் திருத்தும் வேலைதான் நடந்தது.

வெளியான பிறகு ஸ்டேபிளுக்குள் புதிய பதிப்பு பொதுவாக வராது. பாதுகாப்புத் திருத்தமும் மோசமான வழுவுக்கான திருத்தமும் மட்டுமே வரும். நேற்று எப்படி வேலை செய்ததோ இன்றும் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ஸ்டேபிள் தரும் வாக்கு. ஸ்டேபிள் என்ற சொல்லை நாம் 'முறியாதது' என்று படிக்கிறோம். 'மாறாதது' என்று படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய பதிப்பென்றால் பாதுகாப்பு ஓட்டையும் இருக்குமே?

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகள் கிளப்பும் பீதியும் இதே வகைதான்.

ஒரு நிஜச் சம்பவத்தைப் பார்க்கலாம். 2014 ஏப்ரல் 7 அன்று, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாமே பாதிக்கப்பட்டவை. எழுதியவர்கள் 1.0.1ஜி என்று திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அப்போது டெபியன் 7-இல் இருந்தது 1.0.1ஈ. டெபியன் ஜி பதிப்புக்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்து, தன்னிடம் இருந்த ஈ பதிப்பிலேயே ஒட்டி, 1.0.1ஈ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. இதற்குப் பேக்போர்ட் செய்வது என்று பெயர்.

இப்போது அந்த எண்ணைப் பாருங்கள். முன்பாதி 1.0.1ஈ என்று மட்டும் பார்த்தவருக்கு அது ஓட்டை உள்ள பதிப்பு. வாலையும் சேர்த்துப் படித்தவருக்கு டெபியன் 7-க்காக ஐந்தாம் முறை திருத்தப்பட்டது என்று புரியும். ஆகவே பதிப்பு பழையதா என்று கேட்காதீர்கள். இந்த வழங்கலில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் சிவிஇ என்ற அடையாள எண்ணைக் கொடுத்தால் டெபியனின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பக்கம் கிளைவாரியாகப் பதில் சொல்லிவிடும். உபுண்டு, ரெட் ஹேட் இரண்டுக்கும் அதே போன்ற பக்கங்கள் உண்டு. கணினியிலேயே பார்க்க ஆப்ட் சேஞ்ச்லாக் என்று கொடுத்து அருகில் பொதியின் பெயரைக் கொடுங்கள். என்ன ஒட்டினார்கள், எதற்கு ஒட்டினார்கள் என்று வரிவரியாக வரும்.

ஒரு பொதியைப் புதுப்பிக்கப் பராமரிப்பாளர் என்ன செய்கிறார்? எண்ணை மாற்றி மறுபடி கட்டினால் போதாதா?

சில நாள் போதும். எழுதியவர் இரண்டு சின்ன வழுக்களைத் திருத்தி வெளியிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மற்ற நாட்களில் இப்படிப் போகும். யூஸ்கேன் என்ற கருவி புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொல்லும். மூலநிரலை இறக்குவேன். வழங்கலுக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் பேட்ச்கள் (நிரலில் ஒட்டும் சிறு திருத்தங்கள்) புதிய நிரலின் மேல் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பேன். ஆறு பேட்சில் நான்கு ஒட்டும், ஐந்தாவது ஒட்டாது. எழுதியவர் அந்தச் செயற்கூறை வேறு கோப்புக்கு நகர்த்தியிருப்பார். பேட்சின் மூன்று வரியை ஒட்டுவதற்காக அந்தக் கோப்பை முப்பது வரி படிக்க வேண்டியிருக்கும். படித்தால், நாம் ஒட்டிவைத்திருந்த திருத்தத்தை அவரே வேறு விதமாகச் செய்துவிட்டது தெரியும். அந்தப் பேட்சை நீக்கிவிடலாம். ஒரு பேட்சை நீக்கும் நாள் பராமரிப்பாளருக்கு நல்ல நாள்.

அப்புறம் உரிமக் கோப்பு. புதிய பதிப்பில் யாரோ ஒருவருடைய நிரல் புதிதாகச் சேர்ந்திருந்தால் அதன் உரிமம் என்ன, நாம் வெளியிடலாமா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தட்டிக்கழிக்க முடியாது. அதன் பிறகு என் கணினியில் கட்டாமல் சுத்தமான ஒரு தனி சூழலில் கட்டுவேன். என் கணினியில் தற்செயலாக நிறுவியிருக்கும் ஏதோ ஒன்றைக் கொண்டு பொதி கட்டப்பட்டுவிட்டால், மற்றவர்களிடம் அது கட்டாது. லின்டியன் என்ற கருவி ஒழுங்கு மீறல்களைச் சொல்லும். மாற்றக் குறிப்பை எழுதி, என் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டு ஏற்றுவேன்.

பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி என்றால் கதை பெரிது. அதன் இடைமுகம் மாறினால் பொதியின் பெயரே மாறும். அதைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் மறுபடி கட்ட வேண்டும். 2024-இல் டெபியன் இதைப் பெரிய அளவில் செய்தது. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038-இல் நிரம்பி வழிந்துவிடும் என்பதால், ஆர்ம் போன்ற 32 பிட் கட்டமைப்புகளில் அதை 64 பிட்டாக மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரில் டி64 என்று ஒரு வால் சேர்ந்தது அதனால்தான். அந்தச் சமயம் அன்ஸ்டேபிளில் இருந்தவர்கள் வாரக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

தொடரலாமா என்று கேட்டு நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை. வேறு எதையும் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் அதைப் பாருங்கள்.

ஒரு தடவை ஒரே ஒரு நிரலின் புதிய பதிப்பு வேண்டும் என்று, ஸ்டேபிள் ஓடிக்கொண்டிருந்த என் மடிக்கணினியில் டெஸ்டிங் களஞ்சியத்தையும் சேர்த்தேன். அந்த நிரலுக்குப் புதிய சி லைப்ரரி தேவைப்பட்டது. சி லைப்ரரியைத்தான் கணினியில் ஏறக்குறைய எல்லாமே சார்ந்திருக்கிறது. ஆப்ட் கணக்குப் போட்டு, என்ன செய்யப்போகிறது என்பதை ஒளிக்காமல் திரையில் காட்டியது. நீக்கப்படுபவை என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிக்குப் பொதிகளின் பெயர்கள். அதற்குள் டெஸ்க்டாப் சூழலின் பெயரும் இருந்தது. நான் படிக்கவில்லை. ஒய் அழுத்தினேன். அடுத்த முறை கணினியைத் திறந்தபோது கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு நின்றது. முழுவதும் சரிசெய்ய இரண்டு மாலை வேளைகள் போயின. கோப்புகள் பத்திரமாக இருந்தன என்பது ஒன்றே ஆறுதல்.

அன்று தொடங்கிய பழக்கம் இது: முதலில் நீக்கப்படுபவை எத்தனை என்ற எண்ணைப் பார்ப்பேன். பூச்சியமென்றால் மேலே போகலாம். இல்லையென்றால் ஒவ்வொரு பெயரையும் படிப்பேன். டெபியன் 13-இல் வந்திருக்கும் ஆப்ட் 3.0 நீக்கப்படுபவற்றைச் சிவப்பில் காட்டுகிறது. அந்தச் சிவப்பைக் கண்டால் விரலை எடுத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். சந்தேகமாக இருந்தால் 'என்' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள், எதுவும் கெட்டுப்போகாது. பிறகு ஆப்ட் கட்டளையோடு சிமுலேட் என்ற தெரிவைக் கொடுத்து ஒத்திகை பார்க்கலாம்.

அமைவுக் கோப்பு மாறியிருக்கிறது, எது வேண்டும் என்று கேட்கிறது. என்ன சொல்வது?

அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று தெரிந்தால் பதில் எளிது. ஆப்ட்டுக்கு அடியில் இருந்து பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, ஒவ்வொரு அமைவுக் கோப்புக்கும், தான் கடைசியாக வைத்ததன் அடையாள எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. கோப்பில் நீங்கள் கைவைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் புதியதை வைத்துவிடும். நீங்கள் மாற்றியிருந்து பொதியில் மாற்றம் இல்லையென்றால் உங்களுடையதை விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டுமே உங்களைக் கேட்கும்.

எனவே கேள்வி வந்தாலே, நீங்களோ உங்களுக்கு முன்னால் அந்தக் கணினியைக் கவனித்தவரோ அந்தக் கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். முதலில் டி அழுத்துங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பு அப்படியே இருக்கும். பொதியின் புதிய கோப்பு டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் வைக்கப்படும். ஒய் கொடுத்தால் புதியது வரும், உங்களுடையது டிபிகேஜி-ஓல்ட் என்ற வாலோடு நிற்கும். எதுவும் தொலையாது.

தொலைவில் இருக்கும் சர்வரில் வேலை செய்தால் பழையதை வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக இரண்டையும் சேர்த்து எழுதுவதே என் வழக்கம். இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. இப்போது பல மென்பொருள்கள் .டி என்று முடியும் ஒரு அடைவைத் தருகின்றன. ரூட் அதிகாரம் தரும் சூடோவுக்கு அப்படி ஒன்று உண்டு. உங்கள் மாற்றங்களை அதற்குள் ஒரு தனிக் கோப்பாக வைத்துவிட்டால் மூலக் கோப்பில் கைவைக்கவே வேண்டாம், இந்தக் கேள்வியும் வராது.

ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆர்பிஎம்நியூ, பேக்நியூ என்ற வால்களோடு கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும். நாமாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

சில பொதிகள் 'கெப்ட் பேக்' (நிறுத்திவைக்கப்பட்டவை) என்று நிற்கின்றன. பழுதா?

பெரும்பாலும் இல்லை. புதிய பதிப்பை நிறுவ ஏதோ ஒன்றை நீக்க வேண்டும், அப்கிரேட் அதைச் செய்யாது என்பது ஒரு காரணம். சார்ந்திருக்கும் இன்னொரு பொதி இன்னும் வந்து சேரவில்லை என்பது இன்னொன்று. உபுண்டுவில் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு: புதுப்பிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் பகுதி பகுதியாகக் கொடுக்கிறார்கள், வழு புகார்கள் வந்தால் நிறுத்திவிடலாம் என்பதற்காக. உங்கள் முறை வரும்வரை அது நிற்கும். நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள். நீங்களே ஆப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்து மறந்திருந்தாலும் நிற்கும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டது. இப்போது எதுவும் நிறுவ முடியவில்லை.

பதற வேண்டாம். டிபிகேஜி ஒவ்வொரு பொதியின் நிலையையும் எழுதிவைத்துக்கொண்டேதான் போகிறது. எங்கே நின்றது என்று அதற்குத் தெரியும். முதலில் டிபிகேஜி கட்டளையோடு கன்ஃபிகர், ஏ என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுங்கள். பிரித்துவைத்து முடிக்காமல் விட்டவற்றை முடித்துவிடும். அதன் பிறகு ஆப்ட் இன்ஸ்டாலை எஃப் தெரிவோடு கொடுங்கள், விட்டுப்போன சார்புகளை இழுத்து வரும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

பூட்டுக் கோப்பு இருக்கிறது என்று சொல்லி நிறுவ மறுத்தால் அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். எங்கு பார்த்தாலும் சொல்லப்படும் யோசனை அது, தவறான யோசனை. பூட்டு இருந்தால் இன்னொரு ஆப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு. இரண்டு பேர் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் சிக்கல் இன்னும் பெரிதாகும். ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

புதுப்பித்தாகிவிட்டது. கணினியை மறுபடி தொடங்க வேண்டுமா?

லினக்ஸின் மையமான கெர்னல் மாறியிருந்தால் ஆம். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் கணினியை மறுபடி தொடங்கத் தேவையில்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளைக் கவனிக்க வேண்டும்.

லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கினாலும், அதை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு அது நீங்குவதில்லை. நீங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்தால் வட்டில் புதிய லைப்ரரி வந்துவிடும். மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் மட்டும் நினைவகத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பொதிப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டும், ஓட்டையோ திறந்தே கிடக்கும். ஹார்ட்பிளீட் சமயத்தில் புதுப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த சர்வர்களுக்கு இந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது.

நீட்ரீஸ்டார்ட் என்ற பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சேவைகள் பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் சொல்லும்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ள விடலாமா?

ஸ்டேபிளில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் தாராளமாக விடலாம். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதி அதற்குத்தான். பேக்போர்ட் செய்த சின்னத் திருத்தம் எதையாவது முறிக்கும் வாய்ப்பைவிட, நீங்கள் இரண்டு மாதம் மறந்துபோகும் வாய்ப்பு அதிகம். பெரிய பதிப்புகள் இல்லாமல் தொடர்ந்து புதியதாகிக்கொண்டே இருக்கும் ரோலிங் வழங்கலில் தானாகப் புதுப்பிக்க விடாதீர்கள். அங்கே ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டும். பாதுகாப்பான வழி எது?

டெபியனில் முதலில் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைப் பாருங்கள். டெஸ்டிங்கில் இருக்கும் பதிப்பை ஸ்டேபிளின் லைப்ரரிகளோடு மறுபடி கட்டி வைத்திருப்பார்கள். நான் மேலே சொன்ன சி லைப்ரரி விபத்து அதில் நேராது. அங்கே இல்லையென்றால் ஃபிளாட்பேக். அது தன் லைப்ரரிகளைத் தன்னோடு கொண்டுவருகிறது, கணினியின் மற்றப் பொதிகளைத் தொடாது. இடம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

பைத்தான் நிரல்களுக்கு மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். டெபியன் 12 முதல், கணினி முழுமைக்குமாக, பைத்தானின் நிறுவும் கருவியான பிப் கொண்டு நிறுவப் பார்த்தால் மறுத்துவிடும். அதை மீறும் தெரிவைப் பயன்படுத்தாதீர்கள். கணினியின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானைச் சார்ந்திருக்கின்றன.

வெளிக் களஞ்சியம் சேர்ப்பது கடைசி வழி. சேர்த்தால், எதற்காகச் சேர்த்தோம் என்று அந்தக் கோப்பிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்களுக்கே உதவும்.

ஆர்ச் போன்ற ரோலிங் வழங்கலில் ஒரு பொதியை மட்டும் புதுப்பிக்கலாமா?

கூடாது. பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரு பொதியை நிறுவினால், அது புதிய லைப்ரரியைத் தேடும், உங்களிடம் பழையது இருக்கும். ஆர்ச்சின் பொதிக் கருவியான பேக்மேனுக்கு எஸ், ஒய் மட்டும் கொடுக்காமல் யு-வையும் சேர்த்துக் கொடுத்து முழுவதையும் ஒன்றாகப் புதுப்பியுங்கள். அதற்கு முன் ஆர்ச்சின் செய்திப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கையால் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கே எழுதியிருப்பார்கள்.

நான் இறக்குவது உண்மையிலேயே வழங்கலில் இருந்துதான் வருகிறதா? நடுவில் யாரும் மாற்ற முடியாதா?

நடுவில் மாற்றினால் தெரிந்துவிடும். களஞ்சியத்தின் தலைமைக் கோப்பில் வழங்கலின் கையொப்பம் இருக்கிறது. அந்தக் கோப்பில் பொதிப் பட்டியலின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பொதியின் ஹாஷும் இருக்கிறது. எங்கே ஒரு பைட் மாறினாலும் சங்கிலி அறுந்து ஆப்ட் மறுத்துவிடும்.

ஆனால் சங்கிலி தொடங்கும் இடத்திலேயே நஞ்சு கலந்தால்? 2024-இல் அதுதான் நடந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் பராமரிப்பில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல் ஒன்றை ஒளித்து வைத்தார். அதை இயக்கும் வரிகள் பொதுவில் தெரியும் மூலநிரலில் இல்லை. வெளியிட்ட கட்டில் மட்டும் இருந்தன. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் துருவி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

அந்தப் பதிப்புகள் டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகள் வரை வந்திருந்தன. ஸ்டேபிளுக்கு வரவில்லை. மெதுவாக வருகிறது என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த வரிசைதான் அன்று காப்பாற்றியது.

திருத்திய விதத்தையும் பாருங்கள். பதிப்பு எண் பின்னோக்கிப் போக முடியாது; போனால் ஆப்ட் அதைப் புதுப்பிப்பாக எடுத்துக்கொள்ளாது. எனவே டெபியன் 5.6.1+ரியலி5.4.5-1 என்று ஒரு பதிப்பை வெளியிட்டது. எண்ணில் 5.6.1, உள்ளே இருப்பது நிஜத்தில் 5.4.5.

பராமரிப்பாளரே தவறு செய்தால்?

செய்திருக்கிறார்கள். 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக இரண்டு வரி செயலிழக்க வைக்கப்பட்டது. தற்போக்கு எண் உருவாக்கத்துக்கு உயிர் கொடுத்த வரிகள் அவை. மிச்சமிருந்தது செயல்முறை எண் மட்டுமே. எனவே ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சாத்தியங்கள் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கின. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அந்தப் பொதியைக் கொண்டு உருவாக்கிய சாவிகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

இதைப் படித்த பிறகு பேட்ச் எழுதும்போது என் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் தேவைதான். எந்தப் பேட்சாக இருந்தாலும் எழுதியவர்களுக்கு முதலில் அனுப்பி, அவர்கள் ஏற்றால் மட்டும் வைத்துக்கொள்வது என்று இன்று பலரும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

பராமரிப்பாளர் விலகிவிட்டால் அந்தப் பொதி என்னாகும்?

அனாதை என்று குறிக்கப்படும். யாராவது எடுத்துக்கொள்ளலாம். எடுக்க ஆளில்லாமல், சரிசெய்யப்படாத பெரிய வழுவும் சேர்ந்தால் டெஸ்டிங்கில் இருந்து நீக்கப்படும், அடுத்த ஸ்டேபிளில் இருக்காது. டெபியன் 13-இல் சுமார் 70 ஆயிரம் பொதிகள் இருக்கின்றன. அவற்றில் பல தன்னார்வலர்களின் மாலை நேரங்களில் நிற்பவை. உங்கள் கணினியில் இருக்கும் பொதிகளில் எவை அனாதையாக இருக்கின்றன என்று பார்க்க டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதிக்குள் டபிள்யூஎன்பிபி-அலர்ட் என்ற கருவி உண்டு. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தினமும் பயன்படுத்தும் பெயர் ஒன்றாவது அதில் இருக்கும்.

பெரிய பதிப்பு மாறும்போது, உதாரணமாக டெபியன் 12-இல் இருந்து 13-க்கு, எப்படிப் போவது?

ஒவ்வொரு படியாக. 11-இல் இருந்து நேராக 13-க்குத் தாவ வழியில்லை, 12-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும்.

முதலில் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். நீளமானது, ஆனால் உங்களுக்கு வரப்போகும் சிக்கல் பெரும்பாலும் அதில் ஒரு பத்தியாக இருக்கும். உங்கள் கோப்புகளைப் பிரதி (பேக்கப்) எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பதிப்பை முழுவதும் புதுப்பியுங்கள். வெளிக் களஞ்சியங்களை நிறுத்திவையுங்கள். பூட் பகிர்வில் இடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு களஞ்சியப் பெயரை மாற்றி, அப்டேட், அதன் பின் அப்கிரேட், கடைசியில் ஃபுல்-அப்கிரேட். நடுவில் உள்ள அப்கிரேடைத் தவிர்க்காதீர்கள். எதையும் நீக்காமல் முடிந்தவரை முன்னேறிவிட்டு, நீக்க வேண்டியவற்றைக் கடைசி அடிக்கு விடுவதற்காகத்தான் அது. தொலைவிலிருந்து செய்தால் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற முனையக் கருவிக்குள் செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

அவசரமில்லை என்றால் வெளியான முதல் வாரமே தாவ வேண்டியதில்லை. டெபியன் ஒரு பதிப்பை 3 ஆண்டு முழுமையாகவும், அதன் பின் எல்டிஎஸ் என்ற பெயரில் இன்னும் 2 ஆண்டும் பராமரிக்கிறது. ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான், அங்கே தள்ளிப்போட முடியாது.

வட்டில் இடம் நிறைந்துவிட்டது. எதை நீக்கலாம்?

ஆப்ட் கிளீன் கொடுத்தால் இறக்கி வைத்த டெப் கோப்புகள் போகும். ஆட்டோரிமூவ் பழைய கெர்னல்களையும் யாரும் சாராத பொதிகளையும் நீக்கும். இங்கேயும் பட்டியலைப் படித்துவிட்டு ஒய். பூட் அடைவில் இருக்கும் கெர்னல் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். டிபிகேஜிக்குத் தெரியாமல் போனால் அடுத்த புதுப்பிப்பில் சிக்கும்.

நிரல் எழுதத் தெரியாது. நான் ஏதாவது உதவ முடியுமா?

முடியும், நல்ல வழு அறிக்கை எழுதுவதன் மூலம். வேலை செய்யவில்லை என்று மட்டும் வரும் அறிக்கையை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எந்தப் பதிப்பில் கெட்டது, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், திரையில் என்ன வந்தது என்ற ஐந்தும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த நாளில் எந்தப் பொதி எந்தப் பதிப்புக்கு மாறியது என்பதெல்லாம் உங்கள் கணினியில் ஆப்ட்டின் ஹிஸ்டரி பதிவில் இருக்கிறது. நேற்று வரை சரியாக இருந்தது இன்று கெட்டால் அதைத் திறந்து நேற்றைய தேதியில் என்ன வந்தது என்று பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற கருவி இந்த விவரங்களில் பெரும்பகுதியைத் தானே சேர்த்து மின்னஞ்சலாக அனுப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் வழு எண்ணோடு பதில் வரும். பராமரிப்பாளர் ஏதாவது கேட்டு எழுதினால் பதில் போடுங்கள், திருத்திய பொதியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னால் சோதித்து இரண்டு வரி எழுதுங்கள். நான் மூடிய வழுக்களில் பல, அப்படி இரண்டு வரி எழுத ஒருவர் இருந்ததால் மூடியவை.